இரண்டாவது ரிதம் மெஷின் வாங்கலாமா?

கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் பாட்டுக் கட்டும் இளைஞர்கள் பலரிடம் இன்று ஒரு ரிதம் மெஷின் இருக்கிறது. அதை வாங்கிக் கொஞ்ச காலம் போனதும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: இன்னொன்று வாங்கலாமா? கடைக்காரரைக் கேட்டால் வாங்கு என்பார். வீட்டில் கேட்டால் முதலில் வாங்கினதன் மேல் படிந்திருக்கும் தூசியைத் துடை என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால்தான் கேள்வி தீராமல் கிடக்கிறது. கணினிக்குள் ஓடும் மென்பொருள் இங்கே பேச்சில்லை. கையால் தட்டி, திருகி, பொத்தானை அழுத்தி வாசிக்கிற பெட்டிகளைப் பற்றியே பேசப்போகிறேன்.

கேட்கிறவர்கள் மூன்று வகை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மேடை ஏறும் இசைக்குழுவில் பேட் வாசிப்பவர் ஒருவர். ராத்திரியில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அறைக்குள் தனியாகப் பாட்டுக் கட்டுபவர் இன்னொருவர். மூன்றாமவர் உருமி மேளக் குழுவைச் சேர்ந்தவர். குழுவோடு ஒரு மெஷினையும் சேர்த்தால் கூடுதல் கெத்தாக இருக்குமே என்று நினைக்கிறவர். மூவரும் நிற்பது ஒரே கடையில், ஒரே பெட்டிக்கு முன்னால். ஆனால் மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால் இரண்டு பேருக்காவது அது தப்பாகப் போய்விடும்.

முதல் மெஷின் இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அதற்கு இசையைவிட வீடுதான் பெரிய காரணம் என்பது என் எண்ணம். பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் தென்னமரம் என்றே பெயர் கொண்ட தோட்டம் இருக்கிறது. ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் மலாயாவின் முதல் வணிக எண்ணெய்ப்பனை நடவைத் தொடங்கியது அங்கேதான். (அதே மனிதர் பிறகு மலாயாவை வைத்து ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார்.) ரப்பரும் பனையுமாக விரிந்த இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் லயமும், மாரியம்மன் கோயிலும், பள்ளியும், திடலும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருந்தன. தப்பு, பம்பை, உருமி எதுவாக இருந்தாலும் பழகிக்கொள்ள இடம் கிடைத்தது. லயத்துச் சுவரும் மெல்லியதுதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரும் அதே திருவிழாவுக்குக் காத்திருந்தவர்.

தோட்டங்கள் கைமாறின. நிலம் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனது. மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் தோட்டத்து மக்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை வருடம் அலைந்தார்கள் என்பது இந்தப் பக்கம் தெரியாத கதையில்லை. வெளியேறியவர்கள் தாமான்களில் வரிசை வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து வீட்டில் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குகிறவர் இருப்பார், எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். அங்கே உருமியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், வாசலில் ஆள் வந்து நிற்பார். ஹெட்போன் செருகத் துளை உள்ள ஒரு பெட்டி அந்த வீட்டுக்கு ஒத்துப்போனது. முதல் மெஷினுக்கு இந்த நியாயம் போதும். இரண்டாவதுக்கு இது செல்லாது, ஏனென்றால் சத்தமில்லாமல் பழகும் வசதி முதலாவதிலேயே வந்துவிட்டது.

தாளம் போடும் இயந்திரம் முதலில் ஆர்கன் வாசிப்பவருக்குத் துணையாகப் பிறந்தது. அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த 'சைட்மேன்' பெட்டிக்குள் ஒரு தட்டு சுழன்று மின்முனைகளைத் தொட்டுத் தாளம் எழுப்பியது. ஜப்பானில் இக்குதாரோ காக்கெஹாஷி தம் ஏஸ் டோன் நிறுவனத்தில் 1967-இல் 'ரிதம் ஏஸ்' பெட்டியைச் செய்தார். வால்ட்ஸ், சம்பா என்று முன்பே எழுதி வைத்த தாளங்களில் ஒன்றை அழுத்தினால் அது ஓடும். சொந்தமாகத் தாளம் எழுத அதில் முடியாது. 1972-இல் அவரே ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். வாசிப்பவர் தானே தாளம் எழுதிச் சேமிக்கிற வசதி ரோலண்டில் 1978-இல் சிஆர்-78 பெட்டியோடு வந்தது.

1980-இல் இரண்டு வழிகள் பிரிந்தன. ரோஜர் லின் என்ற அமெரிக்கர் நிஜ டிரம்ஸ் ஒலியைப் பதிவு செய்து சிப்புக்குள் வைத்து எல்எம்-1 என்ற மெஷினைச் செய்தார். விலை 4,995 டாலர், செய்ததே 500 வாக்கில். ரோலண்டின் டிஆர்-808-இல் பதிவு செய்த ஒலி கிடையாது. மின்சுற்றே முக்கியும் உறுமியும் ஒலியை உண்டாக்கும். விலை 1,195 டாலர். டிரம்ஸ் மாதிரியே இல்லை என்று அதைக் குறை சொன்னார்கள். ஏறக்குறைய 12,000 பெட்டிகளோடு 1983-இல் தயாரிப்பும் நின்றது. டிரம்ஸ் மாதிரி இல்லாத அந்த பேஸ் ஒலிதான் பிறகு உலகத்து ஹிப்ஹாப் முழுவதற்கும் அடித்தளம் ஆனது. யோகி பி-யும் நட்சத்திராவும் 2006-இல் 'வல்லவன்' தொகுப்பைக் கொண்டுவந்து மலேசியத் தமிழ் ராப் பாட்டைத் தமிழ்நாட்டு வீதிகளிலும் ஒலிக்க வைத்தபோது, இந்தப் பக்கத்துப் பையன்கள் பலர் அந்த பேஸை எங்கே வாங்கலாம் என்று தேடத் தொடங்கினார்கள்.

இந்தியக் கதையில் இரண்டாவது மெஷினைப் பற்றி யோசிப்பவருக்கு உதவும் ஒரு செய்தி இருக்கிறது. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். அப்போது விலை போகவில்லை. 2010-இல் மறுபடி வெளியானபோது, பிற்காலத்து ஆசிட் ஹவுஸ் இசையை இவர் முன்பே வாசித்துவிட்டாரே என்று மேலைநாட்டினர் வாயைப் பிளந்தார்கள். அவர் வைத்திருந்தவை மூன்று பெட்டிகள். தாளத்துக்கு டிஆர்-808, பேஸுக்கு டிபி-303, ராகம் வாசிக்க ஜூப்பிட்டர்-8 என்ற சின்தசைசர். மூன்றும் ரோலண்ட், மூன்றும் வேறு வேறு வேலை. தாளத்துக்கு இரண்டு பெட்டி வைத்துக்கொள்ளவில்லை. தமிழில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அதன் பிறகு இங்கேயும் மெஷின் தாளம் காதுக்குப் பழகிவிட்டது.

1985-இல் ரோலண்ட் இன்னொரு பெட்டியைக் கொண்டுவந்தது. எட்டுத் தட்டுகள், குச்சியால் அடிக்க வேண்டும். ஆக்டோபேட் என்று பெயர். இது தானாக வாசிக்காது. அன்றிலிருந்து இரண்டு குடும்பங்கள்: எழுதிக் கொடுத்ததைத் தானே வாசிக்கிற மெஷின், கையால் அடித்தால்தான் பேசுகிற பேட். இரண்டாவது பெட்டி வாங்கப்போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, தன்னிடம் இருப்பது இந்த இரண்டில் எந்தக் குடும்பம் என்பதுதான். கடைக்குப் போகிற பலர் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. மெஷின் வைத்திருப்பவர் இன்னொரு மெஷினையும், பேட் வைத்திருப்பவர் இன்னும் பளபளப்பான பேடையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

தமிழ் மேடை பேடைத்தான் தேர்ந்தெடுத்தது. சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும் பெஸ்தாரி ஜெயா டேவானானாலும் கதை ஒன்றே. காரணம் எளிது. நம் திரைப்பாட்டு ஒரே நடையில் ஓடுவதில்லை. பல்லவியில் தபலா, இடையிசையில் டிரம்ஸ், சரணத்தில் டோலக், கடைசியில் குத்து. பாடுகிறவர் ஓரிடத்தில் இழுப்பார், கூட்டம் கைதட்டினால் கடைசி வரியைத் திரும்பப் பாடுவார். எழுதி வைத்ததை ஓட்டுகிற மெஷின் இதற்கெல்லாம் நின்று கொடுக்காது. பேட் வாசிப்பவர் பாடகரின் வாயைப் பார்த்து அடிப்பார்.

இந்தப் பேட் கலைஞருக்கு என் பதில் தெளிவானது: மேடைக் காசில் குடும்பம் ஓடுகிறதென்றால் இரண்டாவது பேட் வாங்குங்கள், அதுவும் இருக்கிற மாடலையே வாங்குங்கள். தாலி கட்டி முடிந்து மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு வரும்போது எட்டுத் தட்டில் ஒன்று செத்துப்போனால் என்ன ஆகும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புது மாடல் வாங்கினால் ஒலிகளை முதலிலிருந்து அடுக்க வேண்டும், கையும் மறுபடி பழக வேண்டும். அதே மாடல் என்றால் அடுக்கி வைத்ததை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம். 2010-இல் வந்த எஸ்பிடி-30 தன் ஒலி அடுக்குகளை யூஎஸ்பி குச்சியில் சேமித்துக் கொடுக்கிறது. அந்தக் குச்சி சட்டைப்பையில் இருந்தால் பழுதான பெட்டியை இறக்கி இன்னொன்றை ஏற்ற ஒரு பாட்டு நேரம் போதும். இதைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பழையதாக இருந்தால் ரப்பர்த் தட்டை ஓரத்திலும் நடுவிலும் மெதுவாகவும் பலமாகவும் அடித்துப் பாருங்கள். ஒரு அடிக்கு இரண்டு ஒலி வந்தாலோ, பக்கத்துத் தட்டும் சேர்ந்து பேசினாலோ விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வருடத்தில் நாலைந்து நிகழ்ச்சி மட்டும் செய்கிற குழுவுக்கு இந்த நியாயம் பொருந்தாது. பக்கத்து ஊர்க் குழுவோடு பேசி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் வாடகைக்கு எடுப்பது மேல்.

தனியாகப் பாட்டுக் கட்டுபவரின் கணக்குத்தான் சிக்கலானது. அவர் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அடிக்கடி கேட்பது, "இந்த மெஷினில் நம்ம தாளம் உட்கார மாட்டேங்குது." இது பெரும்பாலும் மெஷினின் குற்றமில்லை. பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது 16 பொத்தான், அதாவது நாலு அடிக்கு நந்நாலு பங்கு. சதுஸ்ரம். காவடிச் சிந்தின் நடையோ திஸ்ரம், அடிக்கு மூன்று பங்கு. நாலு அடிக்குப் பன்னிரண்டு. 16-ஐ 12 ஆக்கி, பங்கின் அளவையும் மாற்றிவிட்டால் அது உட்கார்ந்துவிடும். 1980-இன் டிஆர்-808-லேயே இதைச் செய்யலாம். ஒரு தாளத்தை இரண்டு பகுதியாக எழுதி 32 பங்கு வரை நீட்டவும் முடியும். கண்ட நடைக்கு நாலு அடி 20 பங்கு, மிஸ்ர சாப்புக்கு 14 பங்கு. கையேட்டைப் படிக்காதவர்தான் கடைக்குப் போகிறார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வீர்கள், ஆனாலும் உண்மை அதுதான்.

இதில் ஒரு நேர்மையான காரணமும் உண்டு. ஒரு மெஷினில் 16 பங்குத் தாளமும் இன்னொன்றில் 14 பங்குத் தாளமும் ஒரே வேகத்தில் ஓடினால், இரண்டும் சேர்ந்து சமத்துக்கு வருவது 112 பங்குக்கு ஒருமுறை. முதலாவது ஏழு சுற்று, இரண்டாவது எட்டுச் சுற்று. நடுவில் அவை விலகி விலகி நெருங்குவது, தனியாவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் செய்கிற கணக்கு விளையாட்டுக்குக் கிட்டத்தில் வரும். பழைய பெட்டிகளில் இதற்கு நிஜமாகவே இரண்டு மெஷின் வேண்டியிருந்தது. 2016-இல் வந்த ஆர்ட்டூரியா டிரம்ப்ரூட்டும் 2017-இல் வந்த எலெக்ட்ரான் டிஜிடாக்டும் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி நீளம் வைத்துக்கொள்ள விடுகின்றன. ஒரே பெட்டிக்குள் 16-ம் 14-ம் 12-ம் சேர்ந்து ஓடும். உங்களிடம் இருப்பது இந்த மாதிரிப் பெட்டி என்றால் இந்தக் காரணம் செல்லாது.

அடுத்தது, இரண்டையும் சேர்த்து ஓட்டுகிற ஆசை. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரை பெரேம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே லயத்தில் மின்னுவதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அங்கே தலைவன் கிடையாது, ஒன்றையொன்று பார்த்தே சேர்ந்துகொள்கின்றன. மெஷின்களுக்கு அந்தச் சமர்த்து இல்லை. ஒன்று தலைமை தாங்கிக் கணக்குத் துடிப்பு அனுப்ப வேண்டும், மற்றது கேட்டு ஓட வேண்டும். 1983-இல் வந்த மிடி முறையில் ஒரு அடிக்கு 24 துடிப்பு. நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் நொடிக்கு 48 துடிப்பு ஒரு ஐந்துமுனைக் கம்பி வழியாகப் போகும். மிடிக்கு முந்தைய பெட்டிகளில் ரோலண்ட் 24, கோர்க் 48 என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. தெரியாமல் இணைத்தால் ஒன்று மற்றதைவிட இரட்டை வேகத்தில் ஓடும். கோர்க்கின் சின்ன வோல்கா பெட்டிகளுக்கு வேறு வகைத் துடிப்பும் உண்டு. இதெல்லாம் தீர்க்க முடியாத சிக்கல் இல்லை. ஆனால் பாட்டுக் கட்ட உட்கார்ந்த ராத்திரி கம்பி தேடுவதில் கழிந்துவிடும். கூடவே ஒரு மிக்சர், இன்னொரு அடாப்டர், இன்னொரு பிளக் முனை எல்லாம் வேண்டும். விலைச்சீட்டில் இவை எழுதியிருக்காது.

விலைக்கு வருவோம். 2024-இல் வந்த டிஜிடாக்ட் இரண்டாம் பதிப்பை 999 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டார்கள். அப்போது நம் காசுக்கு 4,000 வெள்ளிக்கு மேல். 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. சாப்பாட்டுக்கும் மோட்டார்சைக்கிள் எண்ணெய்க்கும் ஒரு காசு எடுக்காமல் இரண்டு மாதத்துக்கு மேல் உழைத்தால் ஒரு பெட்டி. சின்னப் பெட்டிகள் இதில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வரவழைக்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து பத்து விழுக்காடு வரி சேர்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பணம் எடுத்து மெஷின் வாங்கியவர்களும் உண்டு. சம்பாதித்துக் கொடுக்காத பொருளுக்குக் கூட்டு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜப்பானிலிருந்து வரும் பழைய மெஷின்கள் ஆசை காட்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் சுவரில் 230. மாற்றி இல்லாமல் செருகினால் ஒருமுறை மணக்கும், அதோடு சரி. பழைய பெட்டிகளில் தாளத்தை நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் பேட்டரி. டிஆர்-808-க்கு மூன்று சாதாரணப் பேட்டரி, பல பிற்காலப் பெட்டிகளுக்கு ஒரு லித்தியம் பொத்தான். அது தீர்ந்தால் எழுதி வைத்ததெல்லாம் போய்விடும். ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் வரைக்கும் கடற்கரைக் காற்று வேறு. ஈரமும் உப்பும் திருகுகளையும் தள்ளுபொத்தான்களையும் அரிக்கும். திருகும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். இரண்டு பெட்டி வைத்திருப்பவர் இரண்டையும் மூடி வைத்துக் காக்க வேண்டும். ஓரமாகக் கிடக்கும் பெட்டி, தினமும் வாசிக்கும் பெட்டியைவிடச் சீக்கிரம் கெடுகிறது.

உருமிக்காரர்களின் கேள்விக்கு நீண்ட பதில் வேண்டாம். பத்துமலையில் 1892-இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. காவடியோடு உருமிக் குழு ஒன்று ஏறும்போது அங்கே நடப்பது, காவடி எடுத்தவருக்கும் அடிப்பவருக்கும் இடையிலான விஷயம். அருள் ஏற ஏற அடியும் ஏறும். எப்போது வேகம் கூட்டுவது, எப்போது இறக்குவது என்பதைக் காவடிக்காரரின் காலைப் பார்த்துத் தலைவர் முடிவு செய்கிறார். நிமிடத்துக்கு இத்தனை என்று ஓடும் கடிகாரத்துக்கு அதில் வேலை இல்லை. சிங்கப்பூரில் 1973-இலிருந்து தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியத்துக்குத் தடை இருந்தது. 2016-இல்தான் அது தளர்ந்து, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி வாசிப்புக்கு அனுமதி கிடைத்தது. வாத்தியம் நின்றால் என்ன குறையும் என்று தெரிந்துகொள்ள அந்த ஊரைக் கேட்டாலே போதும். நமக்கு இங்கே கிடைத்திருக்கும் உரிமையில் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். அந்தக் காசில் இன்னொரு பம்பை வாங்குங்கள்.

வயிற்றுப்பாட்டுக் கேள்வியும் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 1982-இல் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சின்தசைசரையும் டிரம் மெஷினையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டது. உலகம் சிரித்தது, தீர்மானம் செல்லவில்லை. ஆனால் அவர்கள் பயந்தது முட்டாள்தனம் இல்லை. ஒரு பெட்டி வந்தால் ஒரு ஆள் வெளியே போகிறார். நம் கல்யாண மேடைகளில் தபலா, டோலக், டிரம்ஸ் என்று மூவர் உட்கார்ந்த இடத்தில் இன்று ஒருவர் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது பெட்டி இன்னொருவரை வெளியேற்றுமா, உள்ளே கொண்டுவருமா என்பதையும் வாங்குகிறவர் யோசிக்கலாம்.

கடைசியாக ஒலி. பாட்டுக் கட்டுபவர்கள் சொல்லும் காரணங்களில் அதிகம் கேட்பதும் இதுவே: "இதில் இருக்கிற ஒலி போதவில்லை." என்ன ஒலி வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. சொல்லத் தெரியாத ஒலிக்குக் காசு செலவழிப்பது வெறும் அரிப்பு. ஆனால் சிலர் சட்டென்று சொல்கிறார்கள்: உருமி. அவர்களோடு பேச விஷயம் இருக்கிறது.

உருமி இடுப்பொடுங்கிய இருமுகக் கருவி. ஒரு முகத்தை நேர்க்குச்சி அடிக்கும், மறுமுகத்தை வளைந்த குச்சி அழுத்தி உரசும். அந்த உரசலில்தான் அதன் உயிர். அழுத்தம் கூடக் கூட ஒலியின் உயரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். எங்கே ஏறி எங்கே இறங்க வேண்டும் என்பது வாசிப்பவரின் மணிக்கட்டில் இருக்கிறது. தட்டினால் ஒரு ஒலி என்று செய்த மெஷினுக்கு இது அடங்காது. ரோலண்டின் ஹாண்ட்சோனிக் மாதிரிக் கைப்பேட்களில் தபலா இருக்கிறது, கையை மேலே உயர்த்தித் தாழ்த்தினால் ஒலி வளையும் வசதியும் இருக்கிறது. அதை வைத்து உருமியின் நிழலைக் காட்டலாம். நிழல்தான் வரும்.

உருமியைப் பெட்டிக்குள் கொண்டுவர வழி, அதைப் பதிவு செய்து ஏற்றுவது. ஒரு அடியை மட்டும் பதிவு செய்தால் போதாது. மெல்ல ஒரு இழுப்பு, வேகமாக ஒரு இழுப்பு, ஏறி நிற்பது, ஏறி இறங்குவது, அடியோடு சேர்ந்த உரசல் என்று நாற்பது ஐம்பது துண்டாவது வேண்டும். முன்பு இது முடியாத காரியம். 1987-இன் எஸ்பி-1200 மெஷினில் மொத்தமே பத்து நொடி. மறுவருடம் ரோஜர் லின் அகாய் நிறுவனத்துக்காக வடிவமைத்த எம்பிசி-60-இல் 13 நொடி. நாலு நொடி நீளும் மூன்று இழுப்பிலேயே அது நிறைந்துவிடும். 2014-இன் கோர்க் வோல்கா சாம்பிளில் 65 நொடி, சட்டைப்பையில் போகிற பிஓ-33-இல் 40 நொடி. இன்றைய பெரிய பெட்டிகளில் ஒரு திருவிழாவையே ஏற்றலாம். ஆகவே தனியாகப் பாட்டுக் கட்டுபவருக்கு என் முடிவு இது: உங்கள் முதல் மெஷின் ஒலியை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ளும் சாம்பிளர் என்றால் இரண்டாவது வேண்டாம். முதலாவது தொழிற்சாலையில் அடைத்துக் கொடுத்த ஒலியை மட்டும் வாசிப்பது என்றால் இரண்டாவது வாங்கலாம். அது சாம்பிளராக இருக்கட்டும், சின்னதாகவே இருக்கட்டும், செகண்ட் ஹேண்டாகவே இருக்கட்டும். இன்னொரு 808 நகல் வேண்டவே வேண்டாம். அந்த பேஸைக் கேட்காத காது இன்று உலகத்திலேயே இல்லை.

பெட்டி வந்ததும் முதல் வேலை, பக்கத்து ஊர் உருமிக் குழுவைத் தேடிப் போவது. உருமி மேளம் என்றாலே ரௌடிப் பையன்கள் என்று முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் நிறைய. போய் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தால், பம்பைக்கும் உருமிக்கும் ஜால்ராவுக்கும் இடையே எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது என்பது தெரியும். கோயில் திடலில், காற்று குறைந்த நேரத்தில், ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். ஒலிவாங்கியை உருமியின் உரசும் பக்கம் ஒரு முழ தூரத்தில் வையுங்கள். மிக அருகில் வைத்தால் குச்சியின் கீச்சொலி மட்டும் விழும். யார் வாசித்தது, எந்த நாள், எந்தக் கருவி என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள். அப்படிப் பதிவு செய்த ஒலிக்கு வாசித்தவரிடம் ஒப்புதல் வாங்கி, கூலியும் கொடுத்துவிடுங்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் வாசிப்பவருக்கும் உரிமை தருகிறது. ஜப்பான் பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணி வைக்கிற கை, ஈஜோக் பையனின் ஒரு சாயங்கால வாசிப்புக்கு ஒரு டீயோடு முடித்துக்கொள்ளக் கூடாது. பாட்டு வெளிவரும்போது அவர் பெயரையும் போடுங்கள்.